வேலூர் வெயிலும் தெர்மோஸ்டாட் சோதனையும்

வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் காரின் வெப்பமுள் ஏறினால், பலரும் ரேடியேட்டரையே குறை சொல்கிறார்கள். நான் முதலில், இஞ்சினின் சூட்டைச் சீராக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைத்தான் சந்தேகிப்பேன். அதனுள் இருக்கும் மெழுகு, பெரும்பாலான வண்டிகளில் 82 முதல் 90 டிகிரி செல்சியஸுக்குள் உருகி விரிந்து வால்வைத் திறக்க, இஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் ரேடியேட்டருக்குப் பாய்கிறது.

தெர்மோஸ்டாட், இஞ்சினிலிருந்து ரேடியேட்டரின் மேற்பகுதிக்குச் செல்லும் குழாயான மேல் ஹோஸின் பக்கம் அமைந்த வண்டியானால், ஆறிய இஞ்சினில் கூலண்ட் அளவைச் சரிபார்த்துவிட்டு, ஓடவிட்டு, மின்விசிறியில் கை படாமல் அந்த ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். வெகுநேரம் குளிர்ந்திருந்து சட்டெனச் சூடேறினால் வால்வு சரியாக இயங்குகிறது. தொடக்கம் முதலே மெல்லச் சூடேறினால் திறந்தபடி சிக்கியிருக்கிறது. முள் சிவப்பை நெருங்கியும் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால், உடனே இஞ்சினை நிறுத்திவிடுங்கள். வால்வு மூடியபடி சிக்கியிருக்கலாம், ஆனால் வாட்டர் பம்ப் பழுதும் இதே அறிகுறியைக் காட்டும் என்பதால், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, வெப்பமானி வைத்த நீரில் தொங்கவிட்டுக் காய்ச்சி, எந்தச் சூட்டில் திறக்கிறது என்று பார்ப்பதே உறுதியான வழி.

"நம்ம ஊர் வெயிலுக்கு இது வேண்டாம்" என்று அதைக் கழற்றி எறிவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. இஞ்சின் உரிய சூட்டை எட்டாமல் எரிபொருள் வீணாகும், உள்பாகங்களும் விரைவில் தேயும். எந்தச் சோதனையானாலும், சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் திறக்காதீர்கள்.