எந்தக் கட்சிக் கொடி?

2007 கோடையில் அப்பா முதன்முறையாக எங்களைப் பார்க்க அமெரிக்கா வந்தார். வந்த மறுநாள் காலையிலேயே தெருவில் ஒரு நடை போய்விட்டுத் திரும்பியவர், காபியைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, எதிர் வீட்டுக்காரர் என்ன கட்சி?"

"ஏன்ப்பா கேக்குறீங்க?"

"வாசல்ல கொடி கட்டியிருக்காரே."

எங்கள் சிவகாசியில் கொடி என்றால் கட்சிக் கொடிதான். தெருமுனைக்கு நாலு கம்பம், நாலு நிறம். வேட்டிக் கரையைப் பார்த்தே எதிரில் வருபவர் யார் ஆள் என்று சொல்லிவிடலாம். தேசியக் கொடி ஆகஸ்ட் 15 அன்று பள்ளிக்கூடத்தில் ஏறும், குண்டூசியால் சட்டையில் குத்திவிடுவார்கள், மிட்டாய் கொடுப்பார்கள். அதோடு சரி. தனி மனிதர்கள் தம் வீட்டில் எல்லா நாளும் அதைப் பறக்கவிட இந்தியாவில் அனுமதி வந்ததே 2002இல்தான்.

இங்கே நாஷுவாவுக்குப் பக்கத்தில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஒரு சிற்றூரில், எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஆண்டு முழுக்க நாட்டுக் கொடி பறக்கும். எதிர் வீட்டுப் பெரியவர் வியட்நாம் போருக்குப் போய் வந்தவர், ரிபப்ளிகன். இரண்டு வீடு தள்ளி இருப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, டெமாக்ரட். இராக் போர் கூடாது என்று கொட்டும் பனியில் அட்டை பிடித்து நின்றவர். அவர் வாசலிலும் அதே கொடி. அப்பாவுக்கு இது விளங்கவில்லை. "அரசாங்கத்தை எதிர்க்கிறவங்க எதுக்கு இதைக் கட்டணும்?" என்றார். எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் ஆசிரியையிடமே கேட்டேன். அரசாங்கம் நாலு வருடத்துக்கு அவர்களுடையது, கொடி என்னுடையதும்தானே, அதை ஏன் அவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார்.

நாங்கள் 2005 ஜனவரியில் வந்து இறங்கியபோது காருக்குக் கார் பின்பக்கம் மஞ்சள் ரிப்பன் வடிவில் ஒரு காந்தப் பட்டை ஒட்டியிருக்கும். நம் படைவீரர்களை ஆதரிப்போம் என்று எழுதியிருக்கும். அது போரை ஆதரிப்பதா, போருக்குப் போன பிள்ளைகளை மட்டும் ஆதரிப்பதா என்று யாரிடமும் கேட்க முடியாது. அலுவலகத்தில் முதல் வாரமே ஒருவர் சொல்லிவிட்டார்: மதம், அரசியல், சம்பளம் மூன்றையும் இங்கே பேசாதே. டீக்கடையில் பேப்பரை உரக்கப் படித்துச் சண்டை போடும் ஊரிலிருந்து வந்தவளுக்கு அந்த மௌனம்தான் குளிரைவிடக் கடினமாக இருந்தது.

பேசாததை எல்லாம் டி.வி. பேசியது.

நம் ஊரில் செய்தி பார்க்க உட்காரும்போது முதல் கேள்வி "இது யாரு சேனல்?" என்பதுதான். 1993இல் சன், 1999இல் ஜெயா, 2007இல் கலைஞர். எது யார் பக்கம் சாயும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்பா இரண்டு பக்கத்தையும் பார்ப்பார். "இவன் சொல்றதுல பாதியைக் கழி, அவன் சொல்றதுல பாதியைக் கழி, மிச்சம் இருக்கிறதுதான் நடந்தது" என்பார். பட்டாசு ஆலையில் கணக்கு எழுதியவர், அவருக்கு எல்லாமே கூட்டல் கழித்தல்.

இங்கே சேனல்கள் கட்சிக்குச் சொந்தமில்லை. 1996இல் மூன்று மாத இடைவெளியில் எம்.எஸ்.என்.பி.சி.யும் ஃபாக்ஸ் நியூஸும் தொடங்கின. இரண்டும் எடுத்த எடுப்பிலேயே இன்றைய இடத்தில் நிற்கவில்லை. ஃபாக்ஸ் சீக்கிரமே வலப்பக்கம் ஊன்றிக்கொண்டது. மற்றது இடப்பக்கம் நகரப் பத்து ஆண்டுகள் ஆயின. யாரும் கட்டளையிட்டு இது நடக்கவில்லை. கேபிள் கட்டணத்திலும் விளம்பரத்திலும் பிழைக்கும் சேனலுக்குக் கோடிப் பேர் வேண்டாம், எழுந்து போகாத சில லட்சம் பேர் போதும். அவர்களை உட்கார வைக்கக் கோபத்தைவிட மலிவான சரக்கு கிடையாது. இரண்டு தரப்பையும் காட்ட வேண்டும் என்று 1949இலிருந்து இருந்த விதியை 1987இல் நீக்கியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இங்கே பலர் சொல்வார்கள். வானொலிக்கு அது பொருந்தும். ஆனால் அந்த விதி அலைவரிசை உரிமம் பெற்ற நிலையங்களுக்குத்தான் இருந்தது, கேபிள் சேனல்களை அது கட்டியதே இல்லை.

இந்தச் சாய்வை நம் ஊர்ச் சாய்வைவிட ஆபத்தானது என்று நினைக்கிறேன். கட்சி சேனல் என்று தெரிந்தால் கழித்துப் பார்ப்போம். "இது செய்தி" என்று சொல்லிக்கொண்டு வருவதை யாரும் கழிப்பதில்லை. சறுக்கல் ஒரு பக்கம் மட்டும் நடக்கவும் இல்லை. இராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக வந்த தன் செய்திகளைப் போதுமான அளவு சரிபார்க்கவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் 2004 மே மாதம் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சி.பி.எஸ். டி.வி., புஷ்ஷின் ராணுவப் பணி பற்றி உறுதி செய்ய முடியாத ஆவணங்களைக் காட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டது. 2020 தேர்தலில் வாக்கு இயந்திரங்கள் மோசடி செய்தன என்ற பொய்யை ஒளிபரப்பிய வழக்கில் ஃபாக்ஸ் 2023இல் அந்த இயந்திரங்களைச் செய்யும் டொமினியன் நிறுவனத்துக்கு 78.75 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. கேலப் நிறுவனத்தின் கருத்துக் கணிப்பில் 1976இல் செய்தி ஊடகங்களை நம்பியவர்கள் 72 சதவீதம், 2024இல் 31.

அந்தக் காலத்தில் எல்லாம் நேர்மையாக இருந்தது என்று பெரியவர் சொல்லும்போதெல்லாம் ஆசிரியை எங்கள் மாநிலத்து மான்செஸ்டர் நகரத்துக் கதையை எடுப்பார். 1972 பிப்ரவரி, கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரித் தேர்தலுக்கு முந்தைய வாரங்கள். மான்செஸ்டரின் யூனியன் லீடர் பத்திரிகையை நடத்திய வில்லியம் லோப், முதல் பக்கத்திலேயே தலையங்கம் எழுதி ஆட்களைச் சாய்ப்பவர். அவர், டெமாக்ரட் வேட்பாளராகப் போட்டியிட்ட செனட்டர் எட்மண்ட் மஸ்கியையும் மஸ்கியின் மனைவியையும் தாக்கி எழுதினார். மஸ்கி அந்தப் பத்திரிகை அலுவலக வாசலிலேயே ஒரு வண்டி மேல் ஏறி நின்று, பனி கொட்டக் கொட்டப் பதில் சொன்னார். குரல் உடைந்தது. அவர் அழுதார் என்று நிருபர்கள் எழுதினார்கள். முகத்தில் விழுந்து உருகிய பனி என்றார் அவர். அழுகிறவர் அதிபராக முடியுமா என்று நாடு பேசியது. நியூ ஹாம்ப்ஷயரில் வென்றும் எதிர்பார்த்த அளவு வெல்லாமல், சில வாரங்களில் போட்டியிலிருந்தே ஒதுங்கினார். கண்ணீரா பனியா என்று இன்றுவரை முடிவாகவில்லை.

2008 டிசம்பர் 11 இரவு உறைமழை பிடித்தது. மரக்கிளையெல்லாம் கண்ணாடி உறை போட்டதுபோல் ஆகி, விடிய விடிய வேட்டுச் சத்தம்போல் முறிந்து விழுந்தன. மாநிலத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. எங்களுக்கு ஒன்பது நாள். மின்சாரம் இல்லையென்றால் வீட்டுக்குள் வெப்பம் இல்லை, மகனுக்கு அப்போது மூன்று வயது. மறுநாள் மதியம் பெரியவர் கதவைத் தட்டி, "என் வீட்டில் விறகு அடுப்பு இருக்கிறது, பையனைத் தூக்கிக்கொண்டு வா" என்றார். ஆசிரியையையும் அவரே போய் அழைத்து வந்தார். நான் அந்த அடுப்பின் மேல்தட்டில் ரசம் வைத்தேன்.

சமாதானமாக உட்கார்ந்திருந்தோம் என்று எழுதினால் பொய். உறைமழை பெய்த அதே இரவில்தான் கார் நிறுவனங்களை அரசுப் பணத்தில் காப்பாற்றும் திட்டம் செனட்டில் தோற்றது. பேட்டரி ரேடியோவில் அதைக் கேட்டுவிட்டு இருவரும் பிடித்துக்கொண்டார்கள். முதல் இரண்டு நாள் அவர்கள் பேசியதெல்லாம் எனக்குத் தெரிந்த வாக்கியங்கள். எந்த சேனலில், எந்த நிகழ்ச்சியில் கேட்டது என்றுகூடச் சொல்லியிருப்பேன். மூன்றாம் நாள் அந்தச் சரக்கு தீர்ந்தது. ஆசிரியையின் தம்பி மிச்சிகனில் கார்த் தொழிற்சாலையில் இருந்து ஓய்வுபெற்றவர். "உன் தம்பியின் பென்ஷன் என்ன ஆகும்?" என்று பெரியவர் கேட்டார். "தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை" என்றார் ஆசிரியை. அப்புறம் பெரியவர், போரிலிருந்து திரும்பியதும் தான் வேலை பார்த்த செருப்பு ஆலை மூடியதையும், தனக்கென்று எந்த அரசாங்கமும் வராததையும் சொன்னார். கருத்தை இருவரும் மாற்றிக்கொள்ளவில்லை. சண்டை மட்டும் அவர்களுடைய சொந்தச் சண்டையாக ஆகிவிட்டது.

மகன் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும், காலையில் மார்பில் கை வைத்துக் கொடிக்கு உறுதிமொழி சொல்லக் கற்றுக்கொண்டு வந்தான். எனக்கு உள்ளுக்குள் ஏதோ செய்தது. நம் பிள்ளை வேறொரு நாட்டுக்கு உறுதி சொல்கிறானே என்ற அந்த உணர்வை மறைக்க மாட்டேன். சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்டபோது ஆசிரியை சொன்னார்: வேண்டாம், எழுந்து நிற்காமல்கூட இருக்கலாம். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக 1943இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. உலகப் போர் நடுவில், நாட்டுப்பற்று உச்சத்தில் இருந்தபோது! அதே பிரிவைச் சேர்ந்த மூன்று கேரளப் பிள்ளைகள் தேசியகீதம் பாடாததற்குப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, 1986இல் நம் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

எங்கள் மாநிலத்துக் கார் நம்பர் பலகையில் 'சுதந்திரமாக வாழ், இல்லையேல் மடி' என்று இருக்கும். கிளேர்மான்ட் என்ற ஊரில் ஜார்ஜ் மேனார்ட் என்பவர், உயிர்தான் பெரிது என்பது என் மதம் என்று அதை மூடி ஒட்டினார். பதினைந்து நாள் சிறைக்குப் போனார். 1977இல் உச்ச நீதிமன்றத்தில் அவர் வென்றார். சுதந்திரம் என்று எழுதிய பலகையை மறைக்கவும் ஒருவருக்குச் சுதந்திரம் உண்டு என்று அரசையே ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறார். இந்த நாட்டைப் பற்றி நான் முதன்முதலாகப் பெருமைப்பட்டது ராக்கெட்டைப் பார்த்தோ ராணுவத்தைப் பார்த்தோ அல்ல, இதைக் கேட்டுத்தான்.

2016இல் எல்லாம் கெட்டது. மூவாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் ஹிலாரி கிளின்டன் எங்கள் மாநிலத்தைப் பிடித்தார், டிரம்ப் நாட்டைப் பிடித்தார். தேர்தல் முடிந்தும் இரு வீட்டுப் புல்வெளியிலும் வேட்பாளர் பெயர் எழுதிய பலகைகள் எடுக்கப்படவில்லை. இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இரவில் இரண்டு ஜன்னலிலும் டி.வி.யின் நீல வெளிச்சம் மட்டும் தெரியும்.

2017 பிப்ரவரியில் கான்சஸில் ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லா என்ற இந்தியப் பொறியாளரைச் சுட்டுக் கொன்றார்கள். என் நாட்டை விட்டுப் போ என்று கத்தியபடி சுட்டவன் ஒருவன். தடுக்கப் பாய்ந்து குண்டடி பட்ட இயன் கிரில்லட்டும் அதே நாட்டுக்காரர்தான். அம்மா சிவகாசியிலிருந்து அழுதுகொண்டே கூப்பிட்டாள். டி.வி.யில் முதல் ஆளைத்தான் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். "போதும் தாயி, கிளம்பி வந்துருங்க" என்றாள். இரண்டாவது ஆளைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அன்று மாலை பெரியவர் தெருவைக் கடந்து வந்தார். "யாராவது உங்களை ஏதாவது சொன்னால் முதலில் என்னிடம் சொல்" என்றார். அவர் புல்வெளியில் அப்போதும் டிரம்ப் பலகை இருந்தது. டிரம்ப் மேடையில் பேசும் பேச்சுக்கும் அந்தக் கொலைக்கும் தொடர்பு உண்டு என்று நான் நேராகவே சொன்னேன். இல்லை என்றார். உண்டு என்றேன். முகம் சிவந்தது. ஆனால் எழுந்து போகவில்லை, காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார். நான் சொன்னதிலிருந்து இன்றும் நான் மாறவில்லை.

2018இல் காங்கார்ட் நகரிலுள்ள நீதிமன்றத்தில் குடியுரிமை உறுதிமொழி எடுத்தேன். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கத் தபாலில் போட்ட அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை.

எங்கள் மாநிலத்துச் சிற்றூர்கள் பலவற்றில் மார்ச் மாதம் ஊர்க்கூட்டம் நடக்கும். நம் கிராம சபை மாதிரி. ஆனால் இங்கே தீர்மானத்தோடு நிற்காது. ஊரின் பட்ஜெட்டையே அங்கே கூடும் வாக்காளர்கள் கையைத் தூக்கி முடிவு செய்வார்கள். பல ஆண்டுகள் நான் வாக்கில்லாதவர்களுக்கான தனி நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். 2019இல்தான் என் கையில் வாக்கு அட்டை. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள், ஓரத்தில் சூப்பும் பை என்ற இனிப்புப் பலகாரமும் விற்கும் பெண்கள். பேசுகிறவர் எதிராளியைப் பார்த்துப் பேசக் கூடாது, கூட்டத்தை நடத்துபவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். அந்தச் சின்ன விதி எவ்வளவு சூட்டைக் குறைக்கிறது என்பதை உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். டிரம்ப் பெயர் அன்று ஒருமுறைகூட வரவில்லை. பனி உருகச் சாலையில் தூவும் உப்பு, பனி அள்ளும் வண்டி, போலீஸ் சம்பளம் இவைதான் வந்தன.

நூலகத்தைச் சனிக்கிழமை மாலையும் திறந்து வைக்கப் பணம் ஒதுக்க வேண்டும் என்று ஆசிரியை திருத்தம் கொண்டுவந்தார். பெரியவர் எழுந்து, பென்ஷனில் வாழ்கிறவன் இதற்கு மேல் வீட்டு வரி எப்படிக் கட்டுவான் என்று கேட்டார். இரண்டும் நியாயம். நான் நூலகத்துக்குக் கையைத் தூக்கினேன். எண்ணினார்கள். தோற்றது.

2020 ஜனவரி. பிரைமரிப் பிரசாரம் உச்சத்தில், போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த வாரம். ஆசிரியை மறுபடியும் அதே கோரிக்கையோடு மனு எழுதிக்கொண்டு வந்தார். வாக்காளர்கள் இருபத்தைந்து பேர் கையெழுத்துப் போட்டால் ஊர்க்கூட்டத்தில் எடுத்தே ஆக வேண்டும். என்னிடம் நீட்டினார். மூன்றாவது வரியில் எதிர் வீட்டுப் பெரியவரின் கையெழுத்து இருந்தது.

"ஆதரிக்கிறாரா?" என்றேன்.

"இல்லை, எதிர்த்துத்தான் கை தூக்குவாராம். ஆனால் வாக்கெடுப்புக்கு வரட்டும் என்றார்" என்று சொல்லிவிட்டுப் பேனாவைக் கொடுத்தார்.