முழங்கால் ஊசியைச் சோதிக்கும்போது: உப்புநீரை ஜெயிப்பது ஏன் கஷ்டம்

முழங்கால் தேய்மானத்துக்கான எந்த ஊசியைச் சோதிக்க இறங்கினாலும் முதலில் எதிரே வந்து நிற்பது சலைன். மூட்டுக்குள் வெறும் உப்புநீரைச் செலுத்தினாலே பலருக்கு வலி குறைகிறது, அதுவும் மாதக்கணக்கில். இதில் பல காரணங்கள் கலந்திருக்கின்றன. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் ஆய்வில் சேர வருகிறார். அது தன் போக்கிலேயே கொஞ்சம் இறங்கும். ஸ்கேன், ஊசி, மருத்துவரின் கவனம் எல்லாம் சேர்ந்து எதிர்பார்ப்பை ஏற்றும். தேங்கிய நீரை உறிஞ்சி எடுத்தாலே மூட்டின் இறுக்கம் தளரும். ஆகவே 'ஊசி போட்டவர்களில் இத்தனை பேருக்குக் குணம்' என்ற கணக்கு தனியாக நின்று எதையும் நிரூபிக்காது.

ஒழுங்காக நடந்த சோதனைக்கு உதாரணம், மெல்போர்னிலும் சிட்னியிலும் நடந்த ரீஸ்டோர் ஆய்வு. 50 வயதைத் தாண்டிய 288 பேர். ஒரு பாதிக்கு வாரம் ஒன்றாக மூன்று பி.ஆர்.பி ஊசிகள் (அவரவர் ரத்தத்தையே சென்ட்ரிஃபியூஜ் என்ற இயந்திரத்தில் சுழற்றி, பிளேட்லெட்டுகள் செறிந்த பகுதியைப் பிரித்தெடுத்துப் போடுவது), மறுபாதிக்கு அதே மாதிரி மூன்று சலைன் ஊசிகள், ஓராண்டு கண்காணிப்பு. எதை வைத்து வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது என்பதை முன்கூட்டியே பொதுப் பதிவேட்டில் எழுதிவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இருபது அளவீடுகளில் நன்றாக வந்த ஒன்றைப் பிறகு தூக்கிக் காட்டும் ஆசை யாருக்கும் வரும்.

ஆள் தேர்வில்தான் பாதி வேலை. எக்ஸ்ரே நின்றபடி எடுத்ததாக இருக்க வேண்டும். படுத்து எடுத்தால் உடல் எடை மூட்டில் இறங்காது. எலும்புகளுக்கு இடையிலான வெளி உண்மையைவிட அகலமாகத் தெரியும். எக்ஸ்ரேயில் தேய்மானத்தை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் கெல்கிரென்–லாரன்ஸ் அளவில் 2, 3 நிலைகளில் உள்ளவர்களையே பொதுவாக எடுப்பார்கள். நான்காம் நிலையில் எலும்போடு எலும்பு உரசுகிறது. அங்கே ஊசிக்கு வேலை குறைவு. வலி 10க்கு குறைந்தது 4 இருக்க வேண்டும். 2 என்று சொல்கிறவருக்கு இறங்க இடமே இல்லை. சமீபத்தில் வேறு ஊசி போட்டிருந்தால் காத்திருக்க வேண்டும்: ஸ்டீராய்டுக்கு வழக்கமாக மூன்று மாதம், மூட்டு வழவழப்புக்காகப் போடும் ஹயலூரானிக் அமிலத்துக்கு ஆறு மாதம். இரண்டு முட்டியும் வலித்தால் மோசமானதை ஆய்வு முட்டியாகக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் 'இந்த முட்டி' என்று தொட்டுக்காட்டிக் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் மற்ற முட்டியின் வலி எண்ணுக்குள் புகுந்துவிடும்.

அடுத்தது மறைப்பு, அதாவது யாருக்கு எந்த ஊசி என்பது நோயாளிக்கும் வலியைக் கேட்கிறவருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வது. பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். பி.ஆர்.பி வெளிர்மஞ்சள், டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு பால் போலக் கலங்கல், ஹயலூரானிக் அமிலம் கெட்டி, பிஸ்டனை அழுத்தும் விரலுக்கே தெரிந்துவிடும். அதனால் சிரிஞ்சை ஊசியின் அடிப்பகுதி வரைக்கும் ஒளிபுகாத டேப்பால் சுற்ற வேண்டும். மருந்தைத் தயாரிப்பவர் ஒருவர், வலியைக் கேட்டு எழுதுகிறவர் வேறொருவர் என்று இருக்க வேண்டும். பி.ஆர்.பி ஆய்வென்றால் சலைன் குழுவிடமும் ரத்தம் எடுக்க வேண்டும். சென்ட்ரிஃபியூஜ் சுற்றும் நேரம் அவர்களும் காத்திருக்க வேண்டும். கடைசியில் 'உங்களுக்கு எது போட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்?' என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிட்டால் மறைப்பு கிழிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஊசி போடும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆளைப் படுக்கவைத்து, காலை நீட்டி, முட்டிக்கடியில் சுருட்டிய துண்டு. முட்டிச் சில்லின் மேல்–வெளி ஓரம் வழியாக 21 அல்லது 22 கேஜ் ஊசி. தடித்த முழங்காலுக்கு ஒன்றரை அங்குல ஊசி எட்டாமல் போகலாம். அல்ட்ராசவுண்டில் ஊசிமுனை மூட்டறைக்குள் தெரிந்த பிறகே மருந்து. அழுத்தும்போது தடை தெரிந்தால் முனை திசுவுக்குள் இருக்கிறது. வலுக்கட்டாயமாகத் தள்ளாமல் நகர்த்த வேண்டும். கொழுப்புக்குள் போன மருந்து வேலை செய்யவில்லை என்று மருந்தின் மேல் பழி போடுவது நியாயமில்லை. நீர் இருந்தால் தனி சிரிஞ்சில் எடுத்துவிடுங்கள். அது கலங்கலாக வந்தால் அன்றைக்கு ஊசி இல்லை, மாதிரி நேராக ஆய்வகத்துக்கு.

போட்ட ஓரிரு நாள் வீக்கமும் வலியும் கூடுவது சகஜம். நாள் போகப்போக வலி ஏறி, காய்ச்சலும் சேர்ந்தால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஸ்டீராய்டு குழுவில் சர்க்கரை நோயாளிகள் சில நாள் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வலி கேட்கும் நாளுக்கு முன் வலி மாத்திரையை நிறுத்தச் சொல்வது முக்கியம். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது மாத்திரையை.

அளவுகோல், முழங்கால் தேய்மானத்துக்கு வழக்கமாகப் பயன்படும் வோமாக் கேள்வித்தாள்: வலிக்கு 5, விறைப்புக்கு 2, அன்றாடச் செயல்களுக்கு 17 என்று 24 கேள்விகள். மாடிப்படி, கார், குளியல் தொட்டி எல்லாம் உண்டு. சம்மணம் போடுவதும் குத்துக்கால் வைப்பதும் கிடையாது. நம் ஊரில் முழங்கால் முதலில் கைவிடுவது அங்கேதான். எனவே அதைத் தனிக் கேள்வியாகச் சேர்த்துக் கேட்பது நல்லது.

ரீஸ்டோர் முடிவு 2021ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. 10க்கு அளந்த வலி பி.ஆர்.பி குழுவில் 2.1 புள்ளி குறைந்தது, சலைன் குழுவில் 1.8. எம்.ஆர்.ஐயில் முழங்காலின் உள்பக்கக் குருத்தெலும்பு 1.4 சதவீதமும் 1.2 சதவீதமும் தேய்ந்திருந்தது. இரண்டிலும் பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை. சலைன் குழு இல்லாமல் 2.1ஐ மட்டும் காட்டியிருந்தால் அது விளம்பரப் பலகைக்குப் போயிருக்கும்! 2017ல் அதே இதழில் வந்த பாஸ்டன் ஆய்வில் 140 பேருக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு ஆண்டு, 40 மில்லிகிராம் டிரையாம்சினலோன் அல்லது சலைன் போட்டார்கள். வலியில் வித்தியாசம் இல்லை. குருத்தெலும்பு ஸ்டீராய்டு குழுவில் 0.21 மி.மீ., சலைன் குழுவில் 0.10 மி.மீ. மெலிந்தது.

ரீஸ்டோர் மீது வந்த முக்கிய விமர்சனம், அதில் பயன்பட்ட பி.ஆர்.பியில் பிளேட்லெட்டுகள் போதாது என்பது. ஒதுக்கிவிடக்கூடிய வாதம் அல்ல. ஒரே பெயரில் வரும் பி.ஆர்.பி, கிட்டுக்குக் கிட்டும் ஆளுக்கு ஆளும் மாறும். வெள்ளணுக்கள் கலந்ததும் உண்டு, நீக்கியதும் உண்டு. அடுத்த ஆய்வை நடத்துகிறவர்கள், முதலில் எடுத்த ரத்தத்திலும் சிரிஞ்சுக்குப் போகும் திரவத்திலும் பிளேட்லெட்டுகளை எண்ணி, செலுத்திய மில்லிலிட்டரால் பெருக்கி, ஒவ்வொருவருக்கும் உள்ளே போன மொத்த எண்ணிக்கையை எழுதிவைத்தால்தான் டோஸ் குறைவா, மருந்தே வீணா என்று பிரித்துச் சொல்ல முடியும்.