குங்குமத்தின் மேல் போட்ட பழி

கண்ணிமை வீங்கி, நெற்றியோரமும் காதுமடலும் அரித்துத் தோல் உரிந்தபோது, வீட்டில் எல்லோரும் குங்குமத்தைத்தான் கைகாட்டினார்கள். "இப்போது விற்பது வெறும் சாயப்பொடி, மஞ்சளா சுண்ணாம்பா?" என்றார் மாமியார். நானும் ஒட்டுப்பொட்டுக்கு மாறினேன். அரிப்பு மாறவில்லை.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, சந்தேகப்படும் பொருட்களைப் பட்டைகளில் வைத்து முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்யலாம் என்றார் தோல் மருத்துவர், ஆனால் உடனே அல்ல. அது ஜனவரி. மொரீஷியஸ் வெயிலில் வியர்த்தால் பட்டைகள் கழன்றுவிடும். தைப்பூசக் காவடி விரதத்தில் தலைக்குக் குளிக்காமலும் இருக்க முடியாது. ஜூலைக் குளிரில் வரச் சொன்னார். அதற்கு முந்தைய வாரம் முதுகில் ஸ்டீராய்டு களிம்பு தடவக்கூடாது, ஸ்டீராய்டு மாத்திரையும் கூடாது.

ஊசியால் குத்துவார்கள் என்று நினைத்துப் போனேன். அது வேறு சோதனையாம். கால் மணி நேரத்தில் தடித்துக் காட்டும். இதில் குத்தலும் இல்லை, கீறலும் இல்லை. சட்டைப் பொத்தான் அளவில், 8 மில்லிமீட்டர் அலுமினியக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் வாசலினில் குழைத்த ஒரு பொருள்: நிக்கல் உப்பு, வாசனைக் கலவை, ரப்பரில் சேர்ப்பவை, தலைச்சாயத்தில் இருக்கும் பாராஃபினிலின்டயமின். நான் பொட்டலம் கட்டிக் கொண்டுபோன குங்குமத்துக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள். ஷாம்புவை மட்டும் வாங்கவில்லை. கழுவிவிடும் பொருளைத் தோலில் அப்படியே மூடி வைத்தால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் சிவக்குமாம். செவிலியர் பேனாவால் முதுகில் கட்டம் போட்டார். பழைய ரவிக்கை அணிந்து போங்கள். அந்த மை லேசில் போகாது.

திங்கள் ஒட்டி, புதன் எடுத்து, வெள்ளி மறுபடி பார்ப்பது என்று கணக்கு. இடையில் முதுகு நனையக்கூடாது. இடுப்புக்குக் கீழே சொம்புத் தண்ணீர், மேலே ஈரத்துணி, குப்புறப் படுத்துத் தூக்கம். அரிப்பு ஓரிடத்தில் மட்டும் குடைந்தது, சொறிய வழியில்லை.

புதன்கிழமை 48 மணி நேரம் முடிந்து பட்டைகளை உரித்தார்கள். நிக்கலில் லேசான சிவப்பு. நிக்கல் கலந்த கவரிங் தோடு எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பது பள்ளி நாளிலிருந்தே தெரியும். குங்குமம் இருந்த இடம் துடைத்துவிட்டது போல் இருந்தது. இவ்வளவுதானா என்று அலுப்போடு திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை கணவர் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டினார். தலைச்சாயக் கட்டத்தில் தோல் தடித்து, ஜவ்வரிசி போலக் குருணைக் கொப்புளங்கள். மருத்துவர் இரண்டு கூட்டல் குறி போட்டார்; வலுவான ஒவ்வாமை என்று அர்த்தம்.

எட்டு வருடமாகப் போடுகிற சாயம் என்று வாதாடினேன். எத்தனை வருடம் பழகினாலும் உடம்பு ஒருநாள் திடீரென எதிர்க்கத் தொடங்கலாம்; அதுவும் உடனே காட்டாமல் ஓரிரு நாள் கழித்துத்தான் காட்டும் என்றார். அப்போதுதான் உறைத்தது. சாயம் போடுவது சனிக்கிழமை, இமை வீங்குவது திங்கட்கிழமை. நடுவில் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வைத்துக்கொண்ட குங்குமம் மாட்டிக்கொண்டது.

கறுப்பு மருதாணிக்கும் தடை; அதிலும் இதே சாயத்தைக் கலப்பதுண்டு. மாமியார் என் நரைத்த வகிட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குங்குமச் சிமிழைத் தேடி எடுத்து, அவரே வைத்துவிட்டார்.