இரண்டு ஹல், ஒரு மோட்டார்

ஜூன் 3

ரிமோட்டில் ஓடும் சின்னக் கேட்டமரான் படகு, அருகருகே இரண்டு ஹல், அதாவது இரண்டு மிதக்கும் உடல். அதற்கு ஒற்றை மோட்டாரா, இரட்டையா. இன்றைக்கும் முடிவாகவில்லை.

ஜூன் 4

அண்ணனுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. சாயந்தரம் போனை எடுத்ததும் முதல் கேள்வியே, "மோட்டார் வாங்கிட்டியா?" இல்லை என்றேன். "ரெண்டு போடுடா. ரெண்டுக்கும் இடம் விட்டுத்தான் ஒட்டியிருக்கேன்" என்றான். உண்மைதான். மோட்டாரை உட்காரவைக்க வலது ஹல்லுக்குள் ஒரு மவுண்ட், இடதில் ஒரு மவுண்ட். ஒட்டுப்பலகையில் அறுத்து எப்பாக்சியில் உட்காரவைத்து, பென்சிலில் 'வ', 'இ' என்று எழுதியிருக்கிறான். எழுத்து கொஞ்சம் நடுங்கியிருக்கிறது. அப்போதே உடம்பு சரியில்லை போல, எனக்குத்தான் தெரியவில்லை.

ஜூன் 6

நேற்று முழுக்கக் கேவி எண்ணோடு மல்லுக்கட்டினேன். கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் சுமையில்லாமல் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பது மட்டும்தான். அதைச் சக்தி என்று நினைத்துக்கொண்டு பெரிய எண்ணாகப் பார்த்து வாங்கினால் மோட்டாரும் போய்விடும், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சியும் போய்விடும். பேட்டரி 3 செல் லைப்போ (லித்தியம் பாலிமர்), 11.1 வோல்ட். 3900 கேவி போட்டால் 43,290 சுற்று. இவ்வளவு சிறிய படகில் தண்ணீருக்குள் சுற்றும் ப்ரொப்பெல்லருக்கு இது ரொம்ப அதிகம். 2600 போட்டால் 28,860. முழு சார்ஜில், 12.6 வோல்ட்டில்கூட 32,760தான். முப்பதாயிரத்தை ஒட்டி நின்றால் போதும் என்று எனக்குப் படுகிறது. அதற்கு மேல் போகும் ஆசை எனக்கு இல்லை, படகு திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். நாம் எல்லோரும் மோட்டாரை முதலில் பிடித்துக்கொண்டு மற்றதை அதற்கு ஏற்றபடி தேடுகிறோம். தலைகீழாக வர வேண்டும்: எந்த ப்ரொப்பெல்லர், அது எத்தனை சுற்றில் ஓட வேண்டும், அதற்கு எத்தனை செல், கடைசியில்தான் மோட்டார்.

28 மில்லிமீட்டர் தடிமன், 48 நீளம், நாலு காந்த முனை உள்ள இன்ரன்னர் போதும், அதில் உள்ளே இருக்கும் ரோட்டர் மட்டும்தான் சுற்றும். அவுட்ரன்னருக்கு வெளிக்கூடே சுற்றும், அதன்மேல் குளிர்விக்கும் தண்ணீர் ஜாக்கெட் மாட்ட முடியாது. அதனால் அது வேண்டாம்.

ஜூன் 7

ஸ்கேன் முடிவு வர இரண்டு வாரம் ஆகுமாம்.

ஜூன் 9

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டேன். 30 மில்லிமீட்டர் ப்ரொப்பெல்லர், பிட்ச் விட்டத்தின் 1.4 மடங்கு. அதாவது வழுக்கல் இல்லாமல் போனால் ஒரு சுற்றுக்கு 42 மில்லிமீட்டர் முன்னே போகும். 28,860 சுற்றில் மணிக்கு 72 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. காகிதத்தில் மட்டும். சுமை ஏறியதும் சுற்று 15 சதவீதமாவது விழும், அப்புறம் தண்ணீரில் வழுக்கல் வேறு. 50ஐ ஒட்டி வந்தாலே பெரிய விஷயம்.

32க்கு மாறினால் என்ன? இரண்டே மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் அதே சுற்றில் ப்ரொப்பெல்லர் இழுக்கும் சக்தி விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறுகிறது. 32ஐ 30ஆல் வகுத்து ஐந்து முறை பெருக்கிப் பார்த்தேன்: 1.38. இரண்டு மில்லிமீட்டருக்கு 38 சதவீதம் கூடுதல் சுமை! கேவியை 10 சதவீதம் ஏற்றினாலும் இதே கதைதான், சுற்றின் மூன்றாம் அடுக்கு, 33 சதவீதம். மணி மூன்று ஆகிவிட்டது. 30தான்.

ஜூன் 10

இரட்டை மோட்டாரை நியாயமாக எடைபோட்டுப் பார்த்தேன், அண்ணன் சொன்னான் என்பதற்காகவே. நல்லது இருக்கிறது. இரண்டு ப்ரொப்பெல்லரும் எதிரெதிராகச் சுற்றினால் ஒன்றின் முறுக்கு மற்றதை அடித்துவிடும், படகு ஒரு பக்கம் சாயாது. ஆனால் சாய்வு ஒற்றை ஹல் படகுக்குத்தான் பெரிய தொல்லை. கேட்டமரான் அகலமாக இரண்டு கால் ஊன்றி நிற்கிறது, ஒரு மோட்டாரின் முறுக்கை அது தாங்கிக்கொள்ளும். இன்னொரு பக்கம் பார்த்தால் இரண்டு இஎஸ்சி, இரண்டு ஷாஃப்ட், இரண்டு தண்ணீர்க்குழாய். மோட்டாரையும் ப்ரொப்பெல்லரையும் இணைக்கும் ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் முறுக்கிய கம்பிக் கேபிள், அந்த முறுக்கு இறுகும் திசையில்தான் சுற்ற வேண்டும், எதிராகச் சுற்றினால் பிரிந்துவிடும். அதனால் இரண்டாவது பக்கத்துக்கு எதிர்முறுக்கு ஷாஃப்ட் தனியாகத் தேட வேண்டும். மொத்த நீளமே 480 மில்லிமீட்டர். இதெல்லாம் ஏற்றினால் இது எடை சுமக்கும் படகாகிவிடும். நடுத்தண்ணீரில் ஒரு பக்கம் நின்றுபோனால் வட்டமடித்துக்கொண்டே இருக்கும் என்ற பயமும் இருக்கிறது.

ஒற்றைதான். இரண்டு ஹல்லுக்கும் இடையே உள்ள நடுத்தட்டில். அண்ணனிடம் சொல்லவில்லை.

ஜூன் 12

பார்சல் வந்தது. பெட்டிமேல் 2600, உள்ளே மோட்டாரில் 3900. திருப்பி அனுப்பிவிட்டேன். இதற்கெல்லாம் கோபப்பட்டிருக்க வேண்டாம், ஆனால் பட்டேன், ஒரு மணி நேரம் கை நடுங்கியது. மோட்டாரால் வந்த கோபம் இல்லை அது.

ஜூன் 15

சரியான மோட்டார் வந்துவிட்டது. ரோட்டரை விரலால் திருப்பினால் டக் டக்கென்று காந்தம் பிடித்துப் பிடித்து விடுகிறது. அண்ணனுக்கு இது ரொம்பப் பிடிக்கும். போனை மோட்டார் பக்கத்தில் வைத்துத் திருப்பிக் காட்டினேன், சத்தம் கேட்கவில்லை என்றான், பரவாயில்லை.

பேட்டரிக் கணக்கு: 2200 மில்லி ஆம்பியர்-மணி, 30 சி என்றால் அந்தக் கொள்ளளவின் 30 மடங்கு, 66 ஆம்பியர் வரை கொடுக்கும் என்று அர்த்தம். சராசரி 40 ஆம்பியர் இழுத்தால், 80 சதவீதத்தில் நிறுத்தினால், இரண்டரை நிமிடம் சொச்சம்தான் ஓட்டம். அதனால் இரண்டு பேட்டரி, இணையாக, ஹல்லுக்கு ஒன்று. ஐந்து நிமிடம் கிடைக்கும், எடையும் இரண்டு பக்கமும் சமம். ஒரே விஷயம், இரண்டும் ஒரே வோல்ட்டில் இருக்கும்போதுதான் இணைக்க வேண்டும். இல்லையென்றால் நிரம்பியது மற்றதற்குள் ஒரேயடியாகப் பாயும்.

பேட்டரியை எங்கே கட்டுவது என்று ஹல்லுக்குள் கைவிட்டுத் துழாவினேன். அண்ணன் ஒட்டிய மவுண்ட் இரண்டும் அங்கேதான் நிற்கின்றன. வெல்க்ரோ பட்டை அதைச் சுற்றி இறுக்கமாக வருகிறது. 'வ'வில் ஒன்று, 'இ'யில் ஒன்று.

ஜூன் 16

ஆனால் இப்போது வயர் நீளமாகிவிட்டது. இஎஸ்சி பேட்டரியிலிருந்து மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் இழுக்கிறது. வயர் நீள நீள ஒவ்வொரு வெட்டிலும் வோல்ட் துள்ளுகிறது, அந்தத் துள்ளலை வாங்கிக்கொள்வது இஎஸ்சி வாசலில் இருக்கும் கெப்பாசிட்டர்தான். அது சூடேறி வெடித்தால் எல்லாம் போச்சு. நீட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மோட்டார் பக்கத்து மூன்று வயரை நீட்டுவதே மேல். என் படகில் அதற்கும் வழியில்லை, அதனால் கூடுதலாக இரண்டு கெப்பாசிட்டர் சால்டர் செய்தேன், இஎஸ்சிக்கு எவ்வளவு ஒட்டி வைக்க முடியுமோ அவ்வளவு ஒட்டி. இஎஸ்சி 90 ஆம்பியர். 60 போதும் என்று தோன்றினாலும் இந்த விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது.

ஜூன் 17

ஒன்றும் செய்யவில்லை. அங்கே போய்விட்டு வந்தேன்.

ஜூன் 18

ப்ரொப்பெல்லர் தீட்டினேன். பெரிலியம் கலந்த செம்பு, அதன் தூள் நுரையீரலுக்கு விஷம், அதனால் தண்ணீருக்குள் வைத்தே உப்புத்தாளில் தேய்க்க வேண்டும், முகமூடியும் வேண்டும். ஒரு பிளேடின் விளிம்பைத் தேய்த்து, துடைத்து, பேலன்சரில் வைத்தால் கனமான பிளேடு மெதுவாகக் கீழே இறங்கும். எடுத்து இன்னும் நாலு இழுப்பு. மறுபடி வைத்தால் இப்போது நிதானமாக இறங்கும். எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை இதே வேலை. இரண்டரை மணி நேரம் ஆனது. கடைசியில் குறுக்காக விட்டேன், அப்படியே நின்றது. வாரத்திலேயே மனசு அமைதியாக இருந்த நேரம் அதுதான்.

ஜூன் 19

ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட்டை மாட்டினேன், கிரீஸ் தாராளமாகத் தடவி. ப்ரொப்பெல்லருக்கு முன்னால் அதைப் பிடித்துச் சுற்றும் டாகுக்கும், ஷாஃப்ட்டைத் தாங்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருக்கிறேன். சுமை ஏறும்போது கேபிள் முறுக்கி இறுகிக் குட்டையாகும், இடைவெளி விடாவிட்டால் டாக் ஸ்ட்ரட்டில் போய்த் தேய்ந்து பிடித்துக்கொள்ளும். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றியது, மூன்று வயரில் இரண்டை மாற்றினதும் சரியானது.

தண்ணீர்க்குழாயில் வாய்வைத்து ஊதினேன். காற்றே போகவில்லை. மறுபடி ஊதினேன், கன்னம் வலித்தது. சிலிக்கான் குழாய் நடுத்தட்டின் அடியில் திரும்பும் இடத்தில் மடிந்து, தட்டையாகிக் கிடந்தது. விரல் நுழையாத இடம். எல்லாவற்றையும் கழற்றி, வளைவை அகலமாக்கி, முதலில் இஎஸ்சிக்கும் பிறகு மோட்டாருக்கும் போகும்படி மாற்றினேன். இப்போது ஊதினால் பக்கவாட்டுத் துளையில் உஸ்ஸென்று வருகிறது. இதைப் பார்க்காமல் தண்ணீரில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

ஜூன் 20

எடை மையம் பின்பக்கத்திலிருந்து 144 மில்லிமீட்டர், நீளத்தில் சரியாக 30 சதவீதம். பேட்டரியை ஒரு விரல்கடை முன்னே தள்ளியதில் வந்துவிட்டது. அந்த மவுண்ட்கள் இல்லாவிட்டால் வந்திருக்காது.

ஜூன் 21

சொல்லிவிட்டேன். "அண்ணா, ஒண்ணுதான் போட்டேன்." கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கேவி எவ்வளவு?" 2600. "ப்ரொப்பெல்லர்?" 30. "ம்ம்." மறுபடி கொஞ்ச நேரம். "என் மவுண்டை வெட்டி எடுத்துட்டியா?" இல்லை, அதில்தான் பேட்டரி கட்டியிருக்கிறேன் என்றேன். "அப்போ சரி. முதல் ஓட்டத்துல முப்பது செகண்டுக்கு மேல முழு த்ராட்டில் வேணாம், கரைக்குக் கொண்டுவந்து தொட்டுப்பாரு" என்றான். மோட்டாரில் கை வைத்துத் தாங்க முடியாவிட்டால் 60 டிகிரிக்கு மேல் என்று அர்த்தம், அப்போது 28 மில்லிமீட்டர் ப்ரொப்பெல்லருக்கு இறங்கச் சொன்னான். மூச்சு வாங்கினாலும் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் போனை வைத்தான்.

ஜூன் 22

ஸ்கேன் முடிவு இன்றும் வரவில்லை. நாளை காலை கூப்பிடுவார்களாம்.

ஜூன் 23

இரண்டு பேட்டரியும் 12.6. காற்று இல்லை, தண்ணீர் தகடு மாதிரி கிடக்கிறது. முப்பது செகண்ட் ஓட்டினேன். பக்கத்துத் துளையிலிருந்து தண்ணீர் நூல் மாதிரி விடாமல் வந்தது. கரைக்குக் கொண்டுவந்து மோட்டாரில் கை வைத்தேன், வெதுவெதுப்புதான், தாராளமாக வைத்திருக்க முடிகிறது. வீடியோவை அண்ணனுக்கு அனுப்பிவிட்டு இரண்டாவது ஓட்டத்துக்கு மூடியை டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறேன், போன் அடிக்கிறது