பிரிக்காத பாக்கெட்டுக்கு என்ன விலை?

பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்டுப் பாக்கெட்டுகளில் விற்கப்படும் அட்டைகளைச் சேகரிப்பவர்களில் பெரும்பாலோர் பெரிய வீரர்களின் அட்டைகளைத் தேடும்போது, என்னைப் போன்ற சிலர் மட்டும் பிரிக்கப்படாத பழைய பாக்கெட்டுகளின் பின்னால் அலைகிறோம். உள்ளே இருப்பது தெரியாமல் எப்படி விலை வைக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு, அட்டைகளை வெளியிடும் டாப்ஸ் நிறுவனம் 1980-இல் விற்ற மெழுகுத்தாள் பாக்கெட்டைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

அன்று 25 சென்ட்டுக்கு விற்ற அதில் 15 அட்டைகளும் ஒரு பபிள்கம் துண்டும் இருந்தன. அந்த ஆண்டின் 726 அட்டைகளில் எல்லோரும் தேடுவது 482-ஆம் எண்ணுள்ள நட்சத்திர வீரர் ரிக்கி ஹெண்டர்சனின் ரூக்கி அட்டையை, அதாவது அவரது அறிமுகக் கால அட்டையை. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ ஐம்பது பாக்கெட்டுகளுக்கு ஒன்றில்தான் அது கிடைக்கும். கிடைத்தாலும் படம் ஒரு பக்கமாக ஒதுங்கி அச்சாகியிருந்தால் மதிப்பு சரிந்துவிடும். ஆகவே உள்ளிருக்கும் அட்டைகளின் சராசரி மதிப்பை வைத்துப் பார்த்தால் பாக்கெட்டின் விலை நியாயமற்றதாகவே தோன்றும். ஆனால் யாரோ ஒருவர் ஒன்றைப் பிரிக்கும்போதெல்லாம் உலகில் மிஞ்சியிருப்பவற்றில் ஒன்று குறைகிறது. அந்த அருமைக்கும் சேர்த்தே நாம் பணம் கொடுக்கிறோம்.

அது உண்மையிலேயே பிரிக்கப்படாததுதானா என்பதே இத்தொழிலின் பெரிய தலைவலி. மெழுகுத்தாளை இளஞ்சூட்டில் பக்குவமாகப் பிரித்து, நல்ல அட்டையை உருவிக்கொண்டு, மீண்டும் ஒட்டிவிட முடியும். அதனால் நான் முதலில் பார்ப்பது பாக்கெட்டின் பின்புற மடிப்பைத்தான். பழைய மடிப்புக்கோட்டின் அருகே இன்னொரு மெல்லிய கோடு ஓடினாலோ, ஒட்டிய இடத்துக்கு வெளியே மெழுகு பரவி மங்கியிருந்தாலோ, பபிள்கம்மின் செவ்வக விளிம்பு தாளின்மீது பதியாமலிருந்தாலோ, விற்பவர் எத்தனை நல்லவராக இருந்தாலும் நான் வாங்குவதில்லை. பிஎஸ்ஏ போன்ற நிறுவனங்கள் பாக்கெட்டைச் சோதித்துப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவது உதவிதான். இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப நான் தயாரில்லை.

மேலும் கீழும் உள்ள அட்டைகள் வெளியே தெரியும் செல்லோஃபேன் (கண்ணாடித்தாள்) பாக்கெட்டுகளில் வேறொரு சிக்கல் உண்டு. நட்சத்திர வீரர் மேலே தெரிந்தால் விலை பல மடங்காகும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் ஆலையில் அட்டைகள் அடுக்கப்பட்ட வரிசையை அறிந்தவர்கள், வெளியே தெரியும் அட்டையை வைத்தே உள்ளே யார் இருப்பார் என்று ஊகித்து, நல்லதைத் தங்களிடம் வைத்துக்கொண்டு மற்றதைச் சந்தைக்கு அனுப்பிவிடுவார்கள். உதிரிப் பாக்கெட்டைவிட 36 பாக்கெட்டுகள் கொண்ட முழுப்பெட்டியை நான் விரும்புவது இதனால்தான். அக்காலத்து டாப்ஸ் பெட்டிகளுக்கு ஆலையிலேயே பிளாஸ்டிக் உறை போடும் வழக்கம் இல்லாததால், முத்திரை உடையாத பெரிய அட்டைப்பெட்டியிலிருந்து நேராக எடுத்தது என்ற சான்று இருந்தால் விலை இன்னும் ஏறும்.

1989-இல் அப்பர் டெக் நிறுவனம், எளிதில் பிரித்து ஒட்ட முடியாத பளபளப்பான உறையோடு வந்தபோது இந்தத் திருட்டுக்கு ஓரளவு தடை விழுந்தது. ஆனால் அதற்குள் எல்லா நிறுவனங்களும் அட்டைகளை அளவின்றி அச்சடிக்கத் தொடங்கிவிட்டதால், 1980-களின் இறுதியில் வந்த பெரும்பாலான பெட்டிகள் இன்றும் மலிவாகவே கிடைக்கின்றன. பிரித்துப் பார்க்கும் ஆசையை அடக்க முடியாதவர்களுக்கு நான் சொல்வது 1988-ஆம் ஆண்டு டாப்ஸ் பெட்டியைத்தான். பபிள்கம்மை மட்டும் வாயில் போட்டுக்கொள்ள வேண்டாம்.