எருமைத் தோலும் ஆற்றுப் பாசியும்

"ஆத்தப் பாத்துட்டுத்தான் சோறு திங்கோணும்னா நம்ம பவானியிலயே தின்னிருக்கலாமே கண்ணு" என்றார் அம்மா. இடம் லாவோஸ் நாட்டின் லுவாங் பிரபாங், மேக்கொங் கரை. நேரம் மாலை ஆறரை. எங்களுக்கு எதிரே ஆறு இருக்க வேண்டிய இடத்தில் கும்மிருட்டு. தட்டில் வறுபட்டு விறைத்துப்போன ஒரு மீன்.

தப்பு என்னுடையதுதான். தலைநகர் வியன்டியானில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் லுவாங் பிரபாங். 2021 டிசம்பரில் இந்தப் பாதை திறப்பதற்கு முன்பு, இதே தூரம் மலைச்சாலையில் ஒரு பகல் முழுக்கப் பிடிக்குமாம். வந்து இறங்கிய மிதப்பில், ஆற்றைப் பார்த்து மேசை போட்டிருந்த முதல் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜனவரியில் அங்கே ஆறு மணிக்கு முன்பே சூரியன் எதிர்க்கரை மலைக்குப் பின்னால் போய்விடுகிறது. முன்வரிசை மேசைகளை நாலரைக்கே வந்தவர்கள் ஆளுக்கொரு பீருடன் பிடித்துவைத்திருந்தார்கள். எங்களுக்குப் பின்வரிசை. சாப்பாடு வருவதற்குள் ஆறு மறைந்துவிட்டது, கொசு வந்துவிட்டது.

மேக்கொங் ஓரத்துச் சாலையில் ஒரு வேடிக்கை உண்டு. சமையலறை சாலைக்கு இந்தப் பக்கம், வீட்டுக்குள். மேசைகள் அந்தப் பக்கம், கரைமேல். சர்வர் தட்டைத் தூக்கிக்கொண்டு, ஸ்கூட்டர்களுக்கு வழிவிட்டு, சாலையைத் தாண்டி வர வேண்டும். அதனால் எல்லாமே கொஞ்சம் ஆறித்தான் வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மீனைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு முள்ளை உருவியதுமே அம்மா சொல்லிவிட்டார்: "இது ஜிலேபி."

ஜிலேபிக் கெண்டையேதான். லாவோஸில் அதற்குப் பெயர் பா நின். 1965-இல் அன்றைய ஜப்பானியப் பட்டத்து இளவரசர் அகிஹிதோ, தாய்லாந்து மன்னருக்கு 50 திலேப்பியா மீன்களை அன்பளிப்பாக அனுப்பினார். தாய்லாந்து முழுக்க அது பெருகியது அங்கிருந்துதான். கடலே இல்லாத லாவோஸிலும் இன்று வளர்ப்பு மீன் என்றால் பெரும்பாலும் அதுதான் கண்ணில் படுகிறது. நல்ல மீன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பவானிக்காரியை விமானம் ஏற்றிக் கூட்டிவந்து ஜிலேபி வாங்கிக் கொடுத்தால் எப்படி?

அன்று ராத்திரி ஊரின் படத்தை விரித்துப் பார்த்தேன். லுவாங் பிரபாங் ஒரு நாக்கு மாதிரி நீண்ட ஊர். ஒரு பக்கம் மேக்கொங், மறுபக்கம் நாம் கான் என்ற சிறிய ஆறு. 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய சியெங் தோங் கோயில் இருக்கும் முனையில் இரண்டும் கலக்கின்றன. எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் கூடுதுறை. சூரியன் மறைவது மேக்கொங் பக்கம் என்பதால் கூட்டமும் விலையும் அந்தப் பக்கம். நாம் கான் பக்கத்துக்குச் சாயங்காலம் சூரியன் கிடையாது. எனக்குத்தான் சாயங்காலமே வேண்டாமே. ஆற்றைப் பார்த்துச் சாப்பிடுவதென்றால் மதியம்தான் சரி. வெளிச்சம் இருக்கும், மேசையும் கிடைக்கும், ராத்திரிக்கென்று எடுத்துவைக்காத சமையல் வரும்.

மறுநாள் பதினொன்றரைக்குக் கிளம்பினோம். நாம் கான் மேல் வருடா வருடம் மழைக்காலம் முடிந்ததும் மூங்கில் பாலம் கட்டுவார்கள். அடுத்த மழையில் வெள்ளம் வருவதற்குள் பிரித்துவிடுவார்கள். தாண்டுவதற்குச் சின்னதாக ஒரு கட்டணம் உண்டு. கால் வைத்தால் கிறீச்சென்று அசைந்தது. பரிசலில் ஏறிப் பழகிய அம்மாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தது நான்தான்.

அக்கரையில் படியேறினால் கூரை வேய்ந்த ஒரு திண்ணை, பத்துப் பன்னிரண்டு மேசை. வாசலில் ஏழெட்டு ஸ்கூட்டர்கள், எல்லாம் உள்ளூர் ஆட்களுடையவை. எனக்கு அந்தச் சான்று போதும். பெயர்ப்பலகை லாவோ எழுத்தில் மட்டும் இருந்தது, அதனால் கடையின் பெயரை உங்களுக்குச் சொல்ல வழியில்லை. பல்லவர்கள் எழுதிய எழுத்து கம்போடியா போய்க் கெமர் எழுத்தாகி, அதன் வழியில் பிறந்ததுதான் லாவோ எழுத்து. அப்படிப் பார்த்தால் காஞ்சிபுரத்து உறவு. ஆனாலும் ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை.

முதலில் வந்தது கைப் பேன்.

"பேனா?" என்று அம்மா தலையைச் சொறிந்தேவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை. ஆற்றுப் பாறைகளில் வளரும் பச்சைப் பாசி அது. மழையில்லாத மாதங்களில் அலசி எடுத்து, வடகத்துக்குப் பிழிகிற மாதிரி பாயில் மெல்லியதாகப் பரப்பி, மேலே எள்ளும் பூண்டும் தக்காளியும் தூவிக் காயவைக்கிறார்கள். எண்ணெயில் ஒரு நொடி காட்டினால் அப்பளம் போலப் பொரிகிறது. வாயில் முதலில் எள், அப்புறம் உப்பு, கடைசியில் ஆற்றங்கரையில் கால் நனைத்துக்கொண்டு நிற்கும்போது வரும் வாசனை.

தொட்டுக்கொள்ளக் கருஞ்சிவப்பாக ஒரு சட்னி, பெயர் ஜேவ் போங். அம்மா விரலை வைக்கப் போனபோது, பரிமாறிய பெண் தன் போனில் எதையோ தட்டி எங்கள் பக்கம் நீட்டினாள். போன் கணீரென்று தமிழில் சொன்னது: "எருமைத் தோல்." காய்ந்த மிளகாயோடு எருமைத் தோலையும் சேர்த்து இடிப்பதுதான் அதன் சிறப்பே.

"செருப்புக்குப் போடறதா?" என்றார் அம்மா. கிண்ணம் என் பக்கம் நகர்ந்தது. எனக்கு ஆட்சேபணை இல்லை. இனிப்பும் காரமும் புகைவாசனையும் கலந்து, ஒவ்வொரு முறை மெல்லும்போதும் பல்லில் ஒரு சின்னத் துண்டு மாட்டுகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறு. ஊறவைத்து ஆவியில் வேகவைப்பது. உருட்டத் தெரிந்தால் கையில் ஒட்டாது, அம்மாவுக்கு இரண்டாவது உருண்டையிலேயே வந்துவிட்டது. மோக் பா என்று, வாழையிலையில் பொதிந்து அவித்த மீன். இது ஜிலேபி இல்லை, ஆற்று மீன்தான் என்று அந்தப் பெண் ஆற்றைக் கைகாட்டிச் சொன்னாள். சதை அதை ஒத்துக்கொண்டது.

ஆனால் அன்றைய சாப்பாட்டின் தலைவாழை, கோழி போட்ட ஓ லாம்தான். கத்தரிக்காய், காளான், கீரை எல்லாம் குழைந்த ஒரு கெட்டிக் குழம்பு, நடுவே விறகுத் துண்டு மாதிரி ஏதோ கிடந்தது. அம்மா அதை எடுத்துக் கடித்தார். சற்று நேரம் பேச்சில்லை.

"கண்டந்திப்பிலி" என்றார்.

அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சக்கான், மிளகுக் குடும்பத்துக் கொடியின் தண்டு. நாம் ரசத்தில் போடும் கண்டந்திப்பிலியும் அதே குடும்பம். நாக்கில் முதலில் கசப்பு, பிறகு மெதுவாக ஒரு விறுவிறுப்பு, பிறகு மரத்துப்போதல். சாறை உறிஞ்சிவிட்டுத் துப்பிவிட வேண்டும். அம்மா துப்பவில்லை, கைக்குட்டையில் முடிந்துகொண்டார். அந்தப் பெண்ணைப் பார்த்து, "சளிக்கு நல்லதுங்க சாமி" என்று தமிழிலேயே சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு துண்டு கொண்டுவந்து வைத்தாள்.

கீழே ஆறு வற்றி, கரைச் சரிவெல்லாம் பாத்தி கட்டியிருந்தது. கீரை, வெங்காயத் தாள், வேர்க்கடலை. ஒருவர் ஆற்றில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். தூரத்தில், இரண்டு ஆறும் சேருகிற இடத்தில் ஒரு நீளப் படகு திரும்பியது. லுவாங் பிரபாங்குக்குக் கீழே சயபுரி அணை 2019-இல் மின்சாரம் தரத் தொடங்கியது, மேலேயும் ஒன்று கட்டுகிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். கைப் பேன் பாசிக்கு ஓடுகிற, ஆழமில்லாத, தெளிந்த தண்ணீர்தான் வேண்டும் என்பதையும் சொன்னேன். "மேட்டூர்ல தொறந்துவுட்டாத்தான நமக்கு ஆறு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடையில் மிச்சமிருந்த சோற்றைத் துழாவினார்.

பில் 2,30,000 கிப். லட்சத்தைப் பார்த்து அம்மா பதறினார். அன்றைய கணக்கில் ரூபாய்க்கு 250 கிப் வைத்தால் ஆயிரத்துக்கும் குறைவு. முந்தைய நாள் இருட்டுக்குக் கொடுத்தது இதைவிட அதிகம்.

கிளம்பும் நாள் காலைச் சந்தையில் கைப் பேன் மூன்று கட்டு வாங்கினோம். ஊர் வந்ததும் அம்மா கண்டந்திப்பிலி ரசம் வைத்து, கைப் பேனைக் கடலை எண்ணெயில் பொரித்தார். முதல் தாள் கருகிவிட்டது. இரண்டாவது சரியாக வந்தது. மூன்றாவது கட்டைச் சித்தி, பேர் கூடக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.