ஓரத்து நிரை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் பாரிட்டின் (வடிகாலின்) மேல் 4 மீட்டர் பலகை ஒன்று கிடக்கிறது. அப்பா மிதித்துப் போகும்போது நடுவில் தாழ்ந்து எழும். என் முதுகலை ஆய்வு அந்தத் தாழ்வில்தான் தொடங்கியது.

பலகையின் வளைவைச் சொல்லும் சமன்பாடு 4ஆம் வரிசை; அதாவது அதில் தாழ்வின் 4ஆம் வகைக்கெழு வரும். விடை ஒன்றாக நிற்க நான்கு நிபந்தனை வேண்டும்; முனைக்கு இரண்டாக அவை பிரிந்து கிடக்கும். பலகையைச் சும்மா கரையில் வைத்தால் முனையில் தாழ்வும் வளைதிருப்பமும் (பலகையை வளைக்கும் திருப்புவிசையும்) 0. சிமெண்டில் பதித்துவிட்டால் தாழ்வும் சாய்வும் 0. சீரான பாரத்துக்கு, பதித்த பலகை நடுவில் தாழ்வது மற்றதில் ஐந்தில் ஒரு பங்குதான். அதே மரம், அதே பாரம், மாறியது முனை மட்டும்! இப்படி முனை நிபந்தனைகளோடு வரும் எல்லை மதிப்புக் கணக்குகளை நான் விடாமல் பிடித்துக்கொண்டது இதனால்தான்.

எல்லாக் கணக்கும் இப்படிக் கையால் தீராது. அப்போது கொலொகேஷன் முறை. விடையை ஒரு பல்லுறுப்புக்கோவை என்று வைத்துக்கொள்கிறோம். 9ஆம் படி என்றால் தெரியாத கெழுக்கள் பத்து. முனை நிபந்தனைகள் நான்கைக் கொடுத்துவிடும். மீதி ஆறுக்கு, உள்ளே ஆறு புள்ளிகளைத் தேர்ந்து, அங்கெல்லாம் சமன்பாடு அப்படியே பொருந்த வேண்டும் என்கிறோம்.

எந்த ஆறு? முழு விஷயமும் இங்கேதான்.

பலகைக்குப் பதிலாக, இழுத்து இறுக்கி இரு முனையும் பதித்த இரும்புக் கம்பியை எடுத்தேன். அது முனைக்கு மிக அருகில்தான் சட்டென்று வளையும். சம தூரப் புள்ளிகளில் போட்டபோது விடை ஓரங்களில் நெளிந்தது. புள்ளியைக் கூட்டியும் அடங்கவில்லை. சம தூரப் புள்ளிகளில் பல்லுறுப்புக்கோவை ஓரத்தில் இப்படி அலையக்கூடும் என்று ஜெர்மன் கணிதவியலாளர் ருங்கே 1901இலேயே காட்டியிருக்கிறார்.

அன்று இரவு அப்பாவிடம் சொன்னேன். அவர் செம்பனைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். “ஏம்மா, கன்னு நட்ட காட்டுல எல்லா நிரையையும் ஒரே மாதிரியா பார்ப்பாங்க? காட்டுப்பன்னியும் முள்ளம்பன்னியும் ஓரத்துலதான் வரும். நான் ஓர நிரையைத்தான் திரும்பத் திரும்ப நடப்பேன்” என்றார்.

ரஷ்யக் கணிதவியலாளர் செபிஷேவின் பெயரால் வழங்கும் புள்ளிகள் அப்படித்தான் நடக்கின்றன. அரைவட்டத்தின் மேல் சம இடைவெளியில் புள்ளி வைத்து, நேர்கீழே விட்டத்தில் இறக்கினால் அவை முனைகளில் நெருங்கிவிடும். 4 மீட்டரை 30 இடைவெளியாக்கினால், சம தூரத்தில் ஒவ்வொன்றும் 13 செ.மீ.; செபிஷேவில் முனை இடைவெளி 1.1 செ.மீ., நடுவில் 21 செ.மீ. நெளிவு அடங்கியது.

இன்னொரு தொல்லை மிச்சம். புள்ளிகளில் உள்ள மதிப்புகளிலிருந்து 4ஆம் வகைக்கெழுவைத் தரும் எண் அட்டவணைதான் 4ஆம் வகையீட்டு அணி. புள்ளிகளை இரட்டித்தால் அதன் பெரிய எண்கள் ஏறக்குறைய 256 மடங்காகும். கணினி வைத்திருக்கும் 16 இலக்கங்களில் பாதி அதிலேயே கரைந்துவிடும். அதனால் இப்போது 4ஆம் வகைக்கெழுவையே பல்லுறுப்புக்கோவையாக வைத்து, நான்கு முறை தொகையிட்டு மேலே வருகிறேன். தொகையீடு பிழையைப் பெருக்காது. 6ஆம் வரிசைக்கும் இதையே எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

“நடுவுல 21 செ.மீ. விட்டா போதுமா?” என்று அப்பா கேட்டார். போதும்ப்பா, கம்பி அங்கே ரொம்ப மெதுவாகத்தான் வளைகிறது என்றேன். விடையின் படத்தைக் கைப்பேசியில் காட்டச் சொல்லி, முனையைத்தான் முதலில் பெரிதாக்கிப் பார்த்தார்.